ஒளி எட்டா ஆழம்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் ஒன்றுமில்லை என முடிவு செய்வது எளிது. ஆழ்கடலைப் பற்றி மனிதர் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். ஒளி நுழையாத இடத்தில், எலும்பை நொறுக்கும் அழுத்தத்தில், உறையவைக்கும் குளிரில் எந்த உயிர் வாழும் என்று வினவினர். அவ்வினாவிற்குக் கடல் அளித்த விடைகள் ஒவ்வொன்றும் வியப்புக்குரியவை. அவ்விடைகள் கிடைத்த வரலாற்றையும், அவை இன்றைய தலைமுறையின் முன் வைக்கும் பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பரவையும் ஆழியும்

கடலைக் குறிக்கத் தமிழில் பல பெயர்கள் உண்டு. பரந்து கிடப்பதால் அது பரவை. ஆழ்ந்து கிடப்பதால் அது ஆழி. மனிதர் முதலில் அறிந்தது பரவையைத்தான். காற்றின் திசையையும் விண்மீன்களின் இருப்பையும் கொண்டு பல்லாயிரம் கல் தொலைவு கலம் செலுத்தினர். புதிய கரைகளைக் கண்டனர். ஆனால், தம் கலத்தின் அடியில் விரிந்து கிடந்த ஆழியைப் பற்றி அவர்கள் அறிந்தது மிகக் குறைவு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, அது தரையைத் தொடும் ஆழத்தை அளந்தனர். தமிழகக் கடலோர மக்கள் அவ்வளவைப் ‘பாகம்’ என்பர். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் வரும் நீளம் ஒரு பாகம். அஃது ஏறத்தாழ ஆறு அடி.

கடலின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரையே தாவரங்கள் உணவு தயாரிக்கப் போதுமான ஒளி கிடைக்கும். அதற்குக் கீழே அந்தி மயங்குவது போன்ற மங்கல் ஒளி. 1,000 மீட்டருக்குக் கீழே கதிரவனின் ஒளி அறவே இல்லை. கடலின் சராசரி ஆழமோ 3,600 மீட்டருக்கும் மேற்பட்டது. ஆகவே, புவியில் உயிர்கள் வாழத்தக்க இடத்தின் பெரும்பகுதி, பகலே காணாத நிலையான இருளில் உள்ளது எனலாம். மனிதர் ‘உலகம்’ என்று அழைத்து வந்தது, ஒளிபட்ட அதன் மேல்தோலை மட்டுமே.

தெரியுமா?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டர் ஆழத்தில் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 600 கிலோகிராம் எடைக்கு ஈடான அழுத்தம் செயற்படும்.

உயிரற்ற ஆழம் என்னும் கருத்து

எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் பிரித்தானிய இயற்கையியலாளர். அவர் 1841 ஆம் ஆண்டு ‘பீக்கன்’ என்னும் கப்பலில் ஏஜியன் கடலுக்குச் சென்றார். கடலடியை வாரி எடுக்கும் வலைப்பையைப் பல்வேறு ஆழங்களில் இறக்கி, அதில் கிடைத்த உயிரினங்களை வகைப்படுத்திக் கணக்கிட்டார். ஆழம் மிகுதியாக மிகுதியாக உயிரினங்களின் வகையும் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தன. அவரது வலை 230 பாகம் வரையே சென்றது. குறைந்துவரும் அப்போக்கைக் கொண்டு, 300 பாகம் அளவில், அதாவது ஏறத்தாழ 550 மீட்டரில், உயிர்வாழ்க்கை முற்றிலும் அற்றுப்போகும் என அவர் கருதினார்.

ஃபோர்ப்ஸ் பொறுப்பற்ற ஆய்வாளர் அல்லர். தாமே கடலுக்குச் சென்று, தாமே அளந்து, சான்றுகளைத் தொகுத்தே அவர் பேசினார். குறை வேறிடத்தில் இருந்தது. ஏஜியன் கடல் இயல்பாகவே உணவு வளம் குன்றியது. ஒரு கடலில் கண்டதை எல்லாக் கடல்களுக்கும், 230 பாகம் வரை கண்டதை அதற்குக் கீழுள்ள ஆழம் முழுவதற்கும் உரியதாக அவர் விரித்துவிட்டார். ஒளியும் வெப்பமும் இல்லாத இடத்தில் உயிர் இராது என்னும் பொதுவான எண்ணமும் அதற்குத் துணை நின்றது. எனவே அறிஞர் பலர் அக்கருத்தை ஏற்றனர்.

அதற்கு எதிரான சான்று முன்பே கிடைத்திருந்தது. 1818 ஆம் ஆண்டு வட அமெரிக்காவிற்கும் கிரீன்லாந்திற்கும் இடையிலுள்ள பாஃபின் விரிகுடாவில் ஜான் ராஸ் என்னும் மாலுமி ஆழம் அளக்கக் கயிறு இறக்கினார். ஃபோர்ப்ஸ் பின்னர் வகுத்த எல்லையைவிட மிகுந்த ஆழம் வரை சென்று திரும்பிய அக்கயிற்றில், கிளைத்த கைகளையுடைய கூடை நட்சத்திர மீன் ஒன்று சிக்கி வந்தது. எனினும், அது மேலேறும் வழியில் பற்றிக்கொண்டிருக்கலாம் என ஐயுறவும் இடமிருந்தது.

அவ்வையத்திற்கு இடந்தராத சான்றை, உயிரியலோடு தொடர்பில்லாத பணியொன்று அளித்தது. சார்டினியத் தீவிற்கும் அல்ஜீரியாவிற்கும் இடையே மத்தியதரைக் கடலின் அடியில் தந்திக் கம்பிவடம் ஒன்று கிடந்தது. அது பழுதுற்றதால் 1860 ஆம் ஆண்டு மேலே இழுக்கப்பட்டது. 2,000 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் கிடந்த அவ்வடத்தின்மீது பவளங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. வலையில் அகப்படும் மீன் வழியில் நுழைந்ததாக இருக்கலாம். வடத்தில் வேர்கொண்டது போல் வளர்ந்த பவளம் அவ்வாறு இருக்க இயலாது. அது தோன்றி வளர்ந்த இடம் அந்த ஆழமே என்பது உறுதியாயிற்று.

சேலஞ்சர் கப்பலின் பயணம்

ஐயம் தீர்க்கும் வழி ஒன்றே, சென்று பார்ப்பது. 1872 டிசம்பரில் ‘சேலஞ்சர்’ என்னும் பிரித்தானியக் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. போர்க்கப்பலாக இருந்த அதன் பீரங்கிகளுள் பெரும்பாலானவை அகற்றப்பட்டு, அவ்விடங்களில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டிருந்தன. சார்லஸ் வைவில் தாம்சன் அறிவியல் குழுவிற்குத் தலைமை ஏற்றார். மூன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 கடல் மைல் பயணம் செய்து, 1876 மே மாதம் அக்கப்பல் நாடு திரும்பியது.

அப்பயணம் வீரச்செயல்கள் நிறைந்த கதையன்று. அது பெரிதும் பொறுமையின் கதை. 362 இடங்களில் கப்பல் நிறுத்தப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் கயிற்றை இறக்கி ஆழம் அளந்தனர். நீரின் வெப்பநிலையைக் குறித்தனர். கடலடிச் சேற்றையும் உயிர்களையும் வாரி எடுத்தனர். பல கிலோமீட்டர் நீளக் கயிற்றை இறக்கி ஏற்றுவதற்குள் பல மணி நேரம் கழிந்துவிடும். மேலே வந்தவற்றுள் சில வேளை சேறு மட்டுமே இருக்கும். ஆயினும், பணி நிற்கவில்லை. அறிவியல் உலகம் அதுவரை அறியாத ஏறத்தாழ 4,700 உயிரின வகைகள் அப்பயணத்தால் தெரியவந்தன. 1875 மார்ச்சில் மேற்குப் பசிபிக் பெருங்கடலில் 4,475 பாகம், அதாவது 8,000 மீட்டருக்கும் மிகுந்த ஆழம் ஓரிடத்தில் அளக்கப்பட்டது. அப்பள்ளத்தின் மிக ஆழமான பகுதி இன்று ‘சேலஞ்சர் மடு’ என்று அழைக்கப்படுகிறது. பயணத்தின் முடிவுகளை எழுதி முடிக்கப் பயணத்தைவிட நெடுங்காலம் ஆயிற்று. 50 தொகுதிகள் கொண்ட அறிக்கை 1895 ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது.

அக்கப்பலின் வலைகள் உயிரற்ற ஒன்றையும் மேலே கொணர்ந்தன. கடலடியில் சிதறிக் கிடந்த கரிய உருண்டைகளே அவை. அவற்றுள் மாங்கனீசு மிகுந்திருந்தது. அன்று அவை அருங்காட்சியகப் பொருள்களாகவே கருதப்பட்டன. அவ்வுருண்டைகளைப் பற்றி இப்பாடத்தின் பிற்பகுதியில் மீண்டும் பேச நேரும்.

வலை மறைத்த உண்மைகள்

வலை உயிர்களைக் கொணர்ந்தது. ஆயின் அவற்றின் வாழ்வைக் கொணரவில்லை. உடைந்தும் நசுங்கியும் வந்த உடல்களைக் கொண்டு அறிஞர் வாழ்க்கையை ஊகிக்க வேண்டியிருந்தது. அதனால் பிழைகளும் நேர்ந்தன.

தூண்டில் மீனை இதற்குச் சான்றாகக் கூறலாம். அம்மீனின் தலையிலிருந்து தூண்டிற்கோல் போன்ற உறுப்பு ஒன்று முன்னோக்கி நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். இருளில் மின்னும் அவ்வொளியை இரையென்று கருதி வரும் மீன், தானே இரையாகிவிடும். 1922 ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டு மீனியல் அறிஞர் ஒருவர், பெரிய தூண்டில் மீன் ஒன்றின் உடலில் இரண்டு சிறு மீன்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். அவற்றை அதன் குஞ்சுகள் எனக் கருதினார். 1925 இல் சார்லஸ் டேட் ரீகன் என்னும் பிரித்தானிய அறிஞர் அத்தகைய சிறு மீன் ஒன்றை அறுத்து ஆராய்ந்தார். அது குஞ்சன்று, முதிர்ந்த ஆண் மீன் என்பது தெரிந்தது. பரந்த இருளில் இணையைக் காண்பது அரிது. ஆகவே, இவ்வகைத் தூண்டில் மீன்களில், பெண்ணைக் கண்டடைந்த ஆண் அதனைக் கடித்துப் பற்றிக்கொள்கிறது. பின்னர் இரண்டின் தோலும் குருதிக் குழாய்களும் இணைந்துவிடுகின்றன. அதன்பின் பெண்ணின் குருதியே ஆணுக்கும் உணவு.

இன்னொரு மீனுக்குத் தலைப்பகுதி கண்ணாடி போல் ஒளி ஊடுருவக் கூடியது. 1939 ஆம் ஆண்டிலேயே அம்மீன் அறிவியல் நூல்களில் விவரிக்கப்பட்டுவிட்டது. எனினும், அதன் தலையை மூடியுள்ள ஒளிபுகும் கவசத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஏனெனில், மென்மையான அக்கவசம் வலையில் சிக்கி மேலே வருவதற்குள் சிதைந்துவிடும். கலிபோர்னியக் கடலில் இயக்கப்பட்ட ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தியின் ஒளிப்படக் கருவியே அதனை உயிரோடு காட்டியது. கவசத்திற்குள் பச்சை நிறத்தில் குழல் வடிவான இரு கண்கள் உள்ளன. அக்கண்கள் மேல்நோக்கியும் முன்நோக்கியும் சுழல வல்லவை. வாய்க்கு மேலே கண்களைப் போல் தோன்றுபவை உண்மையில் மூக்குத் துளைகள். 2008 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையே இவற்றை உறுதிப்படுத்தியது. அம்மீன் அறியப்பட்டு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் முகம் அறியப்பட்டது.

தோற்றத்தைக் கொண்டு சூட்டிய பெயரும் சில வேளை பழியாகிவிடுகிறது. கரிய மேலங்கி போர்த்தாற்போன்ற உடலும் பெரிய கண்களும் கொண்ட கணவாய் போன்ற உயிரினம் ஒன்றுக்கு 1903 ஆம் ஆண்டு ‘நரகத்தின் இரத்தக் காட்டேரிக் கணவாய்’ என்னும் பொருளில் பெயரிடப்பட்டது. 2012 ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அதன் உணவை ஆராய்ந்தனர். அது எவரது குருதியையும் குடிப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து பனித்தூவல் போல் மெல்ல விழும் உயிர்த்துகள்களை நீண்ட இழைகளால் சேகரித்து உண்கிறது. ஆழ்கடலின் துப்புரவாளர்களுள் அதுவும் ஒன்று.

இரவல் பெறாத உணவு

மேலிருந்து விழும் துகள்களே ஆழ்கடல் உயிர்களின் உணவு என்பது 1977 ஆம் ஆண்டு வரை அறிவியல் உலகின் உறுதியான கருத்து. கதிரவன் ஒளியில் தாவரங்கள் ஆக்கும் உணவின் எச்சில் பங்கே ஆழத்திற்குக் கிடைக்கும் என்றும், எனவே அங்கு உயிர்கள் சிலவே இருக்கும் என்றும் கருதப்பட்டது. ‘ஆழத்தில் உயிரில்லை’ என்னும் பழைய கருத்து, ‘ஆழத்தில் உயிர் மிகக் குறைவு’ என்று வடிவம் மாறியிருந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் புவியியல் அறிஞர் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலில் காலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆய்வு மேற்கொண்டது. புவியோட்டின் பாறைத் தட்டுகள் விலகும் இடத்தில் கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கவேண்டும் என்னும் கணிப்பைச் சோதிப்பதே அவர்களது நோக்கம். ஒளிப்படக் கருவியும் வெப்பமானியும் பொருத்திய சட்டம் ஒன்றை ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் கப்பல் இழுத்துச் சென்றது. ஓரிடத்தில் மட்டும் சிறிது நேரம் வெப்பநிலை உயர்ந்தது. எடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 படங்களுள், அந்நேரத்திற்குரிய 13 படங்களில் மட்டும் வெண்மையான மட்டிகள் நூற்றுக்கணக்கில் காணப்பட்டன. முன்னும் பின்னும் வெறும் எரிமலைப் பாறையே இருந்தது.

‘ஆல்வின்’ என்னும் நீர்மூழ்கி ஊர்தியில் மூவர் அவ்விடத்திற்கு இறங்கினர். பாறைப் பிளவுகளிலிருந்து வெதுவெதுப்பான நீர் ஊறிக்கொண்டிருந்தது. அதனைச் சூழ்ந்து மட்டிகளும் நண்டுகளும் மீன்களும் நெருங்கி வாழ்ந்தன. பின்னர் இறங்கியபோது, வெண்ணிறக் குழாய்களினின்று செந்நிறக் கொண்டைகளை நீட்டிய பெரும் புழுக்களும் தென்பட்டன. பாறைகளைத் தேடிச் சென்ற அக்கப்பலில் உயிரியல் அறிஞர் ஒருவர்கூட இல்லை. உயிர்களைப் பதப்படுத்தும் திரவமும் மிகச் சிறிதளவே இருந்தது. கப்பலில் கிடைத்த மதுவைக் கொண்டும் சில மாதிரிகளைக் காத்தனர். ஊற்று நீரின் மாதிரியைத் திறந்தபோது அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளியின் நாற்றம். பெரும்பாலான விலங்குகளுக்கு அது நஞ்சு.

அங்கு வாழ்ந்த குழாய்ப்புழு இரண்டு மீட்டர் நீளம் வரை வளரக் கூடியது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அது எவ்வாறு உண்கிறது என்பது விளங்காத புதிராக இருந்தது. 1980 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அப்புழுவைப் பற்றி அறிஞர் ஒருவர் விரிவுரை நிகழ்த்தினார். புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் காணப்படுவதாக அவர் கூறினார். அவையில் இருந்த காலீன் கேவனா என்னும் முதலாண்டு ஆய்வு மாணவி அதைக் கேட்டதும் எழுந்தார். புழுவின் உடலுக்குள் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு உணவு ஆக்கும் பாக்டீரியாக்கள் வாழவேண்டும் என்றார். பின்னர் புழுவின் திசுக்களைப் பெற்று ஆராய்ந்து, 1981 இல் தம் கருத்திற்கான சான்றுகளை வெளியிட்டார். கருத்து சரியென நிலைபெற்றது.

புழுவின் செந்நிறக் கொண்டையில் ஹீமோகுளோபின் நிறைந்துள்ளது. அது நீரிலிருந்து ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பெற்று உடலினுள் உள்ள பாக்டீரியாக்களுக்குக் கொண்டு செல்கிறது. பாக்டீரியாக்கள் அவற்றிலிருந்து ஆற்றல் பெற்றுக் கார்பன் டை ஆக்சைடை உணவாக மாற்றுகின்றன. அவ்வுணவில் புழுவிற்கும் பங்குண்டு. இடமும் பொருளும் தருவது புழு. உணவு ஆக்கித் தருவது பாக்டீரியா. ஒளிச்சேர்க்கைக்கு மாற்றாக நிகழும் இச்செயல் வேதிச்சேர்க்கை எனப்படும். இத்தகைய பாக்டீரியாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டவை. ஆயினும், ஓர் உயிர்க்கூட்டம் முழுவதும் அவற்றைச் சார்ந்து வாழும் என எவரும் எண்ணவில்லை. அவை பயன்படுத்தும் ஆக்சிஜன் மட்டும் மேலுலகின் ஒளிச்சேர்க்கையால் வந்தது. உணவோ அங்கேயே விளைவது.

1979 இல் பசிபிக் கடலடியின் வேறொரு பகுதியில், கரும்புகை போல் நீரைக் கக்கும் ஊற்றுகள் கண்டறியப்பட்டன. அந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ். மிகுந்த அழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. அவ்வளவு வெப்பத்தை எதிர்பாராது செய்யப்பட்ட வெப்பமானியின் நுனி உருகியது. மனிதரின் கருவிகளும் அவர்தம் முன்முடிவுகளை ஒட்டியே அமைகின்றன என்பதற்கு அது நல்ல சான்று.

இரும்பு அணிந்த நத்தை

இத்தகைய ஊற்றுகள் இந்தியப் பெருங்கடலிலும் உள்ளன. 2001 ஆம் ஆண்டு மத்திய இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் உள்ள ‘கைரெய்’ ஊற்றுப் பகுதியில் நத்தை ஒன்று கண்டறியப்பட்டது. அதன் ஓட்டின் வெளிப்புறத்திலும், காலை மூடிய செதில்களிலும் இரும்பு சல்பைடு படிந்துள்ளது. உடலின் பகுதியாகவே இரும்பு சல்பைடை அணிந்த வேறு விலங்கு அறியப்படவில்லை. குழாய்ப்புழுவைப் போலவே இந்நத்தையும் தன் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களால் உணவு பெறுகிறது.

2019 ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்நத்தையை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் சேர்த்தது. அப்போது இது மூன்று ஊற்றுப் பகுதிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. ஆழ்கடல் சுரங்க அகழ்வினால் நேரக்கூடிய தீங்கைக் காரணமாகக் காட்டி அப்பட்டியலில் சேர்க்கப்பட்ட முதல் உயிரினம் இதுவே. கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள் நிறையுமுன் ஓர் உயிரினம் ஆபத்துப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

தெரியுமா?

2022 ஆம் ஆண்டு சப்பானுக்குத் தெற்கேயுள்ள கடற்பள்ளம் ஒன்றில் 8,336 மீட்டர் ஆழத்தில் நீந்திய நத்தைமீன் படம்பிடிக்கப்பட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை எட்ட ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் மட்டுமே குறைவான ஆழம் அது.

முடிச்சுகளும் முட்டைகளும்

சேலஞ்சர் கப்பல் கொணர்ந்த கரிய உருண்டைகள் இன்று ‘பல்லுலோக முடிச்சுகள்’ எனப்படுகின்றன. மாங்கனீசோடு நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியனவும் அவற்றில் உள்ளன. மின்கலங்கள் செய்வதற்கு இவ்வுலோகங்கள் தேவை. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிப்பதைக் குறைத்து, மின்சார ஊர்திகளுக்கு மாற விரும்பும் உலகிற்கு இத்தேவை உண்மையானது. அதனை எளிதில் புறந்தள்ள இயலாது.

எந்நாட்டிற்கும் உரிமையில்லாத கடலடியை மனித குலத்தின் பொதுச்சொத்து என ஐக்கிய நாடுகளின் 1982 ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. ஜமைக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் அதனை மேற்பார்வை செய்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இம்முடிச்சுகளை ஆராயும் உரிமையை இந்தியா பெற்றுள்ளது. சென்னையை அடுத்த பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இப்பணியில் முன்நிற்கிறது. அந்நிறுவனம் உருவாக்கிய ‘வராகா’ என்னும் கடலடி இயந்திரம் 2021 இல் 5,270 மீட்டர் ஆழத்தில் இயக்கிச் சோதிக்கப்பட்டது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டு செல்வதற்காக ‘மத்ஸ்யா 6000’ என்னும் நீர்மூழ்கி ஊர்தியும் அங்கு வடிவமைக்கப்பட்டுள்ளது. அதன் தொடக்ககட்ட நீர்ச்சோதனை 2025 இன் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நடைபெற்றது. ஆழியின் கதை இவ்வாறு தமிழகத்தின் கரையையும் வந்தடைந்துள்ளது.

இம்முடிச்சுகள் வளரும் வேகம் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் அளவே. நெல்லிக்காய் அளவுள்ள ஒரு முடிச்சு உருவாகப் பல பத்து இலட்சம் ஆண்டுகள் கழிந்திருக்கும். சேறு படர்ந்த கடலடியில் கெட்டியான பொருள் அது ஒன்றே. எனவே கடற்பஞ்சு முதலிய உயிர்கள் அதன்மீது ஊன்றி வளர்கின்றன. பெரு நாட்டை ஒட்டிய பசிபிக் கடலில், 4,000 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், ஆக்டோபஸ்கள் முட்டையிட்டுக் காத்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டு 2016 இல் வெளியிட்டனர். இறந்துபோன கடற்பஞ்சின் தண்டில் முட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. அத்தண்டு ஊன்றி நின்றது உலோக முடிச்சு ஒன்றின்மீது. முடிச்சு இல்லையேல் கடற்பஞ்சு இல்லை. கடற்பஞ்சு இல்லையேல் அத்தாய்க்கு முட்டையிட இடமில்லை.

அதே கடற்பகுதியில் 1989 ஆம் ஆண்டு செருமானிய அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். முடிச்சுகளை அகழ்ந்தால் என்ன நேரும் என்பதை அறிய, எட்டு மீட்டர் அகலமுள்ள கலப்பை போன்ற கருவியால் கடலடியின் ஒரு பகுதியை உழுதனர். 26 ஆண்டுகள் கழித்து 2015 இல் மீண்டும் சென்றபோது, உழுத தடங்கள் அண்மையில் உழுதவை போலவே தெளிவாக இருந்தன. தடங்களில் நுண்ணுயிர்களின் செயற்பாடும் குறைந்திருந்தது. நிலத்தில் உழுத சால் ஒரு மழையில் கரையும். அடுத்த பருவத்தில் பசுமை கொள்ளும். ஆழ்கடலின் காலக்கணக்கு வேறு.

காணாமையும் இல்லாமையும்

ஃபோர்ப்ஸின் காலம் முதல் இன்றுவரை இவ்வரலாற்றில் ஒரே பிழை வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வந்துள்ளது. காணாததை இல்லாதது எனக் கொண்டதே அப்பிழை. அறிவியல் அதனை ஒவ்வொரு முறையும் தானே கண்டு திருத்திக்கொண்டது. ஒரு கம்பிவடமும், 13 ஒளிப்படங்களும், ஒரு மாணவியின் துணிவும் அத்திருத்தங்களுக்கு வழிவகுத்தன.

தொடக்கக் காலத்தில் அப்பிழையால் கடலுக்குத் தீங்கு நேரவில்லை. ஆழத்தில் உயிரில்லை என மனிதர் கருதிய காலத்தில், அவ்வாழத்தைத் தொடும் ஆற்றலும் அவர்களிடம் இல்லை. நூல்களில் எழுதிய தவற்றை நூல்களிலேயே திருத்த முடிந்தது. இன்று நிலைமை வேறு. கடலடியை அகழும் இயந்திரங்கள் உருவாகிவிட்டன. அகழ்வதற்கான விதிகளைப் பற்றி உலக நாடுகள் விவாதித்து வருகின்றன. இனி ‘அங்கு ஒன்றுமில்லை’ என்று தவறாக முடிவு செய்தால், அத்தவற்றைக் கடலடியில் திருத்தப் பல பத்து இலட்சம் ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே, ஆராயும் ஊர்தி அகழும் இயந்திரத்திற்கு முன்னே செல்ல வேண்டும். உலோகம் தேவை என்பதும் உண்மை. உயிர் உண்டு என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் தலைமுறையினர். அவர்களுள் சிலர் ஆழ்கடலுக்கே இறங்கக் கூடும். ஊர்தியின் விளக்கொளி விழும் இடத்தில் வெறும் சேறே தென்பட்டாலும், அவ்வொளி வட்டத்திற்கு அப்பால் என்ன உள்ளது என்று ஒருமுறை கேட்டுப்பார்ப்பதே ஆழ்கடல் வரலாறு கற்பிக்கும் அறிவு.

சொற்பொருள்

பரவை – கடல். பாகம் – ஏறத்தாழ ஆறு அடி நீள அளவு. மடு – ஆழமான பள்ளம். சால் – உழுத தடம். மட்டி – இரு ஓடுகளையுடைய கடல்வாழ் உயிரி. வேதிச்சேர்க்கை – வேதிப்பொருள்களின் ஆற்றலால் உணவு ஆக்குதல்.

இலக்கணக்குறிப்பு

எட்டா ஆழம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
வெந்நீர் – பண்புத்தொகை
முடிச்சுகளும் முட்டைகளும் – எண்ணும்மை
காணாமை – எதிர்மறைத் தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் – காண் (கண்) + ட் + அன் + அர்
காண் – பகுதி (‘கண்’ எனக் குறுகியது விகாரம்)
ட் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. ‘ஆழ்கடலின் உலோகம் இன்றைய தேவை’, ‘ஆழ்கடலின் உயிர் நாளைய செல்வம்’ என்னும் தலைப்புகளில் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதி மீன் அங்காடியில் விற்கப்படும் மீன்களின் பெயர்களையும், அவை எத்தனை பாகம் ஆழத்தில் பிடிக்கப்படுகின்றன என்பதையும் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.
3. முன்னர் உறுதியென நம்பப்பட்டுப் பின்னர் மாற்றிக்கொள்ளப்பட்ட அறிவியல் கருத்து ஒன்றைத் தேர்ந்து, அது மாறிய வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

வினாக்கள்

குறுவினா
1. பரவை, ஆழி – பெயர்க்காரணம் தருக.
2. தந்திக் கம்பிவடத்தில் வளர்ந்திருந்த பவளம் எதனை உறுதிப்படுத்தியது?

சிறுவினா
1. ஃபோர்ப்ஸின் ஆய்வுமுறையில் நேர்ந்த குறையை விளக்குக.
2. வாயும் குடலும் அற்ற குழாய்ப்புழு உணவு பெறும் முறையை எழுதுக.

நெடுவினா
‘ஆராயும் ஊர்தி அகழும் இயந்திரத்திற்கு முன்னே செல்ல வேண்டும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக. உங்கள் கருத்து மாறுபடின், அதற்கான காரணங்களையும் தருக.